எரிமலை மண்ணில் சைக்ளிக் ட்ரையாக்சியல் செய்யப் போகிறீர்களா?

உருளை வடிவ மண் மாதிரியைச் சுற்றிலும் அழுத்திவைத்து, நிலநடுக்கம்போல் மேலிருந்து சுமையை மாறி மாறி ஏற்றி இறக்கும் சோதனைதான் சைக்ளிக் ட்ரையாக்சியல். மண்கரைகளின் நிலநடுக்கத் தாங்குதிறனை ஆய்வுக்கு எடுப்பவர்கள் பலர், ஆற்று மணலில் படித்த பாடத்தோடுதான் ஆய்வகத்துக்குள் வருகிறார்கள். ஆய்வகத்தில் கிடைக்கும் அதிகபட்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதம் வரும்படி கெட்டித்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அது. எரிமலை மண் அந்தக் கணக்குக்கு முழுசாகக் கட்டுப்படாது.

எரிமலை மண்ணில் வரும் நுரைக்கல் துகளுக்கு உள்ளேயே துளைகள் இருக்கும். விரலால் நசுக்கினாலே சில துகள்கள் பொடியாகிவிடும். மண்ணைக் கெட்டிக்கும் புராக்டர் சோதனையின் சுத்தியல் விழும்போதும் இதேதான் நடக்கிறது. ஒரே மண்ணைத் திரும்பத் திரும்பக் குத்தி, ஈரத்துக்கு எதிரே அடர்த்தியைக் காட்டும் கோடு வரைந்தால், கடைசிப் புள்ளியில் இருப்பது நீங்கள் தொடங்கிய மண்ணே அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் புது மண் எடுங்கள். அலோபேன், ஹாலோய்சைட் போன்ற களிமண் கனிமங்கள் இருந்தால் அடுப்பில் உலர்த்தவே வேண்டாம். அவற்றின் குணம் மாறிவிடும், மறுபடி நீர் சேர்த்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. இயற்கை ஈரத்திலிருந்து காற்றில் மெல்ல உலர்த்தி, வேண்டிய ஈரத்துக்கு இறக்குங்கள்.

அப்புறம் நீர்ச்செறிவு, அதாவது மாதிரியின் துளைகளை முழுக்க நீரால் நிரப்புவது. பொறுமை தீர்ந்துபோகும் இடம் இதுதான். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, காற்று நீக்கிய நீரை விட்டு, பின்னழுத்தத்தை (காற்றைக் கரைக்கத் துளைநீருக்குக் கொடுக்கும் அழுத்தம்) படிப்படியாக ஏற்றினாலும் துகளுக்குள் சிக்கிய காற்று லேசில் கரையாது. சுற்றழுத்தத்தைக் கூட்டும்போது அதில் எவ்வளவு பங்கு துளைநீர் அழுத்தமாக ஏறுகிறது என்று காட்டும் பி மதிப்பு 0.95 தொடும் முன் சுமையை ஆரம்பிக்காதீர்கள். மிஞ்சிய காற்று துளைநீர் அழுத்தத்தை ஏறவிடாது. மண் உண்மையைவிட வலுவானதாகத் தெரியும்.

முடிவை எழுதும்போது, மண் தோற்றதாக எடுத்துக்கொண்டது எந்த வரையறைப்படி என்பதைச் சொல்லிவிடுங்கள். 20 சுமைச் சுற்றில் 5 சதவீத இரட்டை வீச்சுத் திரிபு (அமுக்கம், நீட்சி இரண்டின் உச்சங்களுக்கு இடையிலான மொத்தத் திரிபு) என்பது ஜப்பானிய வழக்கம். 15 சுற்றை வைத்து எழுதிய கட்டுரைகளோடு அதை அப்படியே ஒப்பிட்டால் குழப்பம்தான்.

வாய்மொழித் தேர்வில், “கரை நீர்மட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது, ஏன் நீர்ச்செறிவு?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பள்ளத்தாக்கை நிரப்பிய கரைகளின் அடியில் நீர் தேங்கும் என்று சொல்லி, 2018 செப்டம்பர் 6 ஹொக்கைடோ நிலநடுக்கத்தைக் காட்டுங்கள். சப்போரோவின் சதோசுகா பகுதியில், பழைய பள்ளத்தாக்கை எரிமலை மண்ணால் நிரப்பி வீடு கட்டிய நிலம் திரவமாகி வழிந்தோட, மேல்தரை உள்வாங்கியது.

சோதனை முடிந்த மாதிரியைத் தூக்கிப் போடாமல் மறுபடி சலித்துப் பாருங்கள். நுண்துகள் எவ்வளவு கூடியது என்ற அந்த ஒரு வரைபடம் இல்லாத ஆய்வேட்டை நான் பாதிதான் நம்புவேன்.