டிஸ்சார்ஜ் புக்கில் ஏறாத பதக்கங்கள்

பதக்கம் விடுபட்டுப் போவது மூன்று வகையில் நடக்கிறது. தகுதி இருந்தும் யூனிட் அதைக் கேட்டு எழுதவே இல்லை என்பது ஒரு வகை. யூனிட் கேட்டது, பார்ட் டூ ஆர்டரும் வெளியானது, ஆனால் ஓய்வு பெறும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் புக்கில் எழுதாமல் விட்டுவிட்டார்கள் என்பது இன்னொரு வகை. எல்லாத் தாளிலும் எழுத்து இருக்கிறது, பதக்கம் மட்டும் கைக்கு வரவில்லை என்பது கடைசி வகை. உங்களுடையது எது என்று தெரியாமல் ‘எனக்கு மெடல் வரவில்லை, ஆவன செய்யவும்’ என்று எழுதினால், அந்தக் கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பட்டாளத்துக்காரர்கள் கொண்டுவரும் தாள்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் குழப்பத்தைத்தான்.

பார்ட் டூ ஆர்டர் என்றால் என்ன என்பது சர்வீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. யூனிட் எழுத்தில் வெளியிடும் ஆர்டர் அது. கல்யாணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, பதக்கம் எதுவானாலும் அதில் வெளியானால்தான், நம் சர்வீஸ் தாள்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸைப் பொறுத்தவரை அது நடந்த காரியம். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவரின் சர்வீஸ் பதிவேடான சீட் ரோலில் ஏற்றுவார்கள். சீட் ரோலைப் பார்த்துத்தான் ஓய்வு பெறும் நாளில் டிஸ்சார்ஜ் புக்கை எழுதுவார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது பதக்கத்தை அல்ல, அந்த ஆர்டரின் எண்ணையும் தேதியையும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆர்டர், பழைய அடையாள அட்டை, கையில் இருக்கும் பதக்கங்கள், ரிப்பன் குத்திய சட்டையோடு எடுத்த யூனிட் குரூப் போட்டோ எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். புத்தகம் தொலைந்தே போயிருந்தால் கருப்பு ட்ரங்குப் பெட்டியைப் பாருங்கள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் ராங்கும் பெயரும் எழுதியிருப்பார்கள். நம் ஊர் உப்புக்காற்றில் மூடி துருவேறிப் பெயிண்ட் செதிலாக உரிந்திருந்தாலும், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நம்பர் தெரியும். பதக்கத்தின் விளிம்பிலும் நம்பர், ராங்க், பெயர் பொறித்திருக்கும். பச்சைக் களிம்பு மூடிக் கிடந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து தேயும். ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியை விளிம்பில் தடவி, மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் பொடி நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். அதை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதக்கம் கையில் இருந்து புத்தகத்தில் மட்டும் ஏறாதவர்களுக்கு இந்தப் படம் நல்ல சான்று.

நம்பர் விஷயத்தில் இரண்டு இடங்களில் தவறு வரும். நம்பரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் தேடுகிறவருக்கு ஆள் கிடைக்க மாட்டார். இன்னொன்று, சுபேதார், நாயிப் சுபேதார் ஆனவர்களுக்கு ஜே.சி. என்று தொடங்கும் புது நம்பர் வந்திருக்கும். சிப்பாயாகவும் ஹவில்தாராகவும் இருந்தபோது சம்பாதித்த பதக்கம் பழைய நம்பரில்தான் கிடக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

பெயர் இன்னும் பெரிய தொல்லை. முனியசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘ஒய்’ போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம். வடக்கத்திக் கிளர்க் கையில் அது ‘முனியா ஸ்வாமி’ என்று இரண்டு சொல்லாக உடையும். முகமது என்பதற்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்பதைக் கீழக்கரைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆதாரில் எப்படி இருந்தாலும் சரி, கடிதத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே எழுதுங்கள். பதக்கத்தைக் கேட்கும் கடிதத்திலேயே பெயர்த் திருத்தத்தையும் கேட்டுவிடாதீர்கள். பெயர்த் திருத்தத்துக்கு வேறு தாள்கள், வேறு நடைமுறை. இரண்டையும் கலந்தால் இரண்டுமே நின்றுவிடும். முகவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1985-க்கு முன் சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. பழைய தாளில் ‘ராம்நாடு மாவட்டம்’ என்றிருப்பவரின் ஊர் இன்று வேறு மாவட்டமாக இருக்கலாம். கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்து, என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று கணக்குப் போடுவது. தேதியைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய பதக்கங்கள் சில உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கு 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்கு 50-வது ஆண்டு மெடல், 2022 ஆகஸ்ட் 15-க்கு 75-வது. 9, 20, 30 ஆண்டு லாங் சர்வீஸ் மெடல்களுக்கும் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி இரண்டும்தான் அடிப்படை. எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி இவற்றுக்கு எழாது.

இடத்தைப் பொறுத்து வருபவை வேறு. 1965-க்கு சமர் சேவா ஸ்டார். 1971-க்குக் கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார், இவற்றோடு சங்கிராம் மெடல். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் மெடலும். 2001-02 எல்லைக் குவிப்புக்கு ஆபரேஷன் பராக்ரம் மெடல். ஸ்டாரும் மெடலும் தனித்தனி என்பதால் ஒன்று ஏறி மற்றது ஏறாமல் இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

கிளாஸ்ப், அதாவது எந்த இடத்துச் சர்வீஸ் என்று காட்டும் சிறு பட்டை, அந்தச் சமாச்சாரத்தைத் தனியாகக் கவனியுங்கள். இந்தக் கரையில் 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வர வேண்டியது ஸ்பெஷல் சர்வீஸ் மெடலும், ரிப்பன் மேல் உட்காரும் ‘ஸ்ரீலங்கா’ கிளாஸ்பும். கிளாஸ்ப் பெயர் இல்லாமல் வெறும் மெடல் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அது பாதிப் பதிவு. சைன்ய சேவா மெடலும் அப்படித்தான். ஜம்மு-காஷ்மீர் கிளாஸ்ப் உள்ளவர் பிறகு ஹிமாலயா பகுதிக்கான தகுதியும் பெற்றிருந்தால் அவருக்கு இரண்டாவது மெடல் கிடையாது, அதே ரிப்பனில் இன்னொரு கிளாஸ்ப்தான் ஏறும். ‘இரண்டாவது மெடல்’ என்று கேட்டு எழுதினால் தகுதியில்லை என்ற பதில்தான் வரும். தகுதி இருந்தும் கேட்ட விதத்தால் தோற்ற கதை அது.

யூனிட் ஏன் விட்டுவிடுகிறது? பெரும்பாலும் அட்டாச்மென்ட், அதாவது ஒருவரை வேறு யூனிட்டோடு தற்காலிகமாகச் சேர்த்து அனுப்புவது. சிக்னல்ஸ்காரர், ஏ.எஸ்.சி. டிரைவர், நர்சிங் அசிஸ்டன்ட், ஈ.எம்.ஈ. மெக்கானிக் போன்றவர்கள் காலாட்படை யூனிட்டோடு முன்னால் போயிருப்பார்கள். நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியலை எழுதும்போது அங்குள்ள கிளர்க் ‘இவர் நம் ஆள் இல்லை’ என்று விடுவார், தாய் யூனிட்டோ ‘அங்கே எழுதியிருப்பார்கள்’ என்று விடும். கிளெய்ம் போவதற்குள் போஸ்டிங் ஆகிப் போனவர்களுக்கும் இதே கதி.

இனி எழுத்து வேலை. முதலில் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம்), அதன் பிறகுதான் மனு என்பது எங்கள் கருத்து. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் பணம் கட்டி, மூன்றே விஷயம் கேளுங்கள்: சீட் ரோலில் பதக்கங்கள் பதிந்த பக்கத்தின் நகல், இந்தப் பதக்கங்களுக்கான பார்ட் டூ ஆர்டர் எண்களும் தேதிகளும், பதக்கம் அனுப்பப்பட்டிருந்தால் அனுப்பிய தேதியும் முகவரியும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். ஆர்.டி.ஐ.யில் காரணம் விசாரிக்க முடியாது, இருக்கும் தாளைத்தான் கேட்க முடியும். பதிலுக்கு 30 நாள் கெடு, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். விண்ணப்பம் பட்டாளத்துக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். மகன் பெயரில் போட்டால் மூன்றாம் நபரின் சொந்தத் தகவல் என்று பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். அவர் காலமாகியிருந்தால் மனைவி பெயரில், பி.பி.ஓ. நகலோடு.

எங்கே அனுப்புவது? அவரவர் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.ஈ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக் ரோடு, ஈ.எம்.ஈ. செகந்திராபாத், மருத்துவப் பிரிவான ஏ.எம்.சி. லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்த், விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து வாசலில் போய் விசாரிக்கிறவர்களும் உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும் கடற்படை விமானதளம், ஓய்வு பெற்றவர்களின் தாள் அங்கே இருக்காது. ஓய்வுக்குப் பின் டி.எஸ்.சி.யில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்தவர்களுக்கு இரண்டு ரெக்கார்ட் ஆபீஸ்: பழைய ரெஜிமென்டுடையதும், கண்ணூரில் உள்ள டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸும். ஒன்று மற்றதைக் கைகாட்டும். இரண்டுக்கும் ஒரே நாளில் போட்டு, ஒவ்வொன்றிலும் மற்றதுக்கு நகல் அனுப்பியதாகக் குறிப்பிட்டால் அந்த விளையாட்டு குறையும்.

ஆர்.டி.ஐ. பதிலில் பார்ட் டூ ஆர்டர் எண் கிடைத்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஒரே பக்கத்தில், ஆங்கிலத்திலோ இந்தியிலோ மனு எழுதுங்கள். நம்பர், ராங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, பி.பி.ஓ. எண் ஒரு பத்தி. பதக்கத்தின் முழுப்பெயர், கிளாஸ்ப், ஆர்டர் எண் இன்னொரு பத்தி. புத்தகத்தில் பதிவு, பதக்கம் வழங்கல் என்ற இரண்டு கோரிக்கைகளும் தனித்தனி வரியில். தேதியை வைத்து வரும் பதக்கங்களையும் இடத்தை வைத்து வருபவற்றையும் ஒரே மனுவில் போடாதீர்கள். கஷ்டமானது தீரும்வரை சுலபமானதும் அதே ஃபைலில் தூங்கும். ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பினால் நல்லது. ஒரு நகலை ஸ்பீட் போஸ்டில் நேராகவும் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கின் அசலை முதல் கடிதத்தோடு அனுப்பவே கூடாது. காலிப் பக்கங்கள் உட்பட அத்தனையையும் நகலெடுத்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பதிவதற்கு அசல் வேண்டும் என்று அவர்கள் எழுத்தில் கேட்ட பிறகு அனுப்பலாம், நேரில் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது. இன்னொன்று: உப்புக்காற்றுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் பயந்து புத்தகத்தை லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். அதற்குமேல் பேனாவும் ஏறாது, சீலும் ஒட்டாது. பிரித்தால் மையும் கூடவே உரியும். அப்படி ஆனவர்கள் பதிவைக் கேட்காமல் தனிச் சான்றாகக் கேட்பதே வழி.

ஆர்டரே இல்லை என்று பதில் வந்தால்தான் உண்மையான உழைப்பு. பதிலின் வாசகத்தைக் கவனியுங்கள். ‘பதிவு இல்லை’ என்பதும் ‘தகுதி இல்லை’ என்பதும் ஒன்றல்ல. பதிவு இல்லை என்றால், அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். அட்டாச்மென்ட் ஆர்டர், மூவ்மென்ட் ஆர்டர், ஃபீல்டு அலவன்ஸ் வாங்கிய சம்பளக் கணக்கு ஆகியவை பலமானவை. வீட்டுக்குப் போட்ட இன்லண்ட் லெட்டரில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய முகவரியும் தேதி முத்திரையும் இருக்கும். தனியாக அது போதாது, துணைக்கு நிற்கும். மனைவிமார் பெட்டியடியில் கட்டி வைத்திருக்கும் கடிதக் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் தாள்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், சுருக்கப் பதிவேடான லாங் ரோல் மட்டும் நிரந்தரம். அவர்கள் லாங் ரோல் பதிவின் நகலைக் கேட்க வேண்டும்.

பதிலே வராமல் இழுத்தால் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் முன்னாள் படைவீரர் நலத் துறையின் கீழ் பதியலாம், அங்கே 21 நாள் கெடு. பென்ஷன் அதாலத்தில் இதைக் கொண்டுபோய்ப் பயனில்லை, அது பென்ஷனுக்கு மட்டும். இறுதியாக மறுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். ஆனால் சாதாரணப் பதக்கத்துக்காக வக்கீல் செலவு செய்வதை நாங்கள் சொல்ல மாட்டோம், அவற்றால் பென்ஷன் ஒரு ரூபாய்கூடக் கூடாது. வீரப் பதக்கம் என்றால் கணக்கே வேறு. வீரச் செயலுக்கான சேனா மெடலுக்கு 2017 ஆகஸ்ட் முதல் மாதம் 2,000 ரூபாய் உண்டு. அது விடுபட்டிருந்தால் கெஜட் அறிவிப்பின் தேதியோடு விடாமல் துரத்துங்கள்.

பதிவு ஏறியும் பதக்கம் வர நாளாகும். பதக்கம் தயாராவது எப்போதும் பின்தங்கித்தான் இருக்கும். கன்டோன்மென்ட் கடையில் காசு கொடுத்து வாங்கியதைக் குத்திக்கொண்டு பலர் விழாவுக்கு வருகிறார்கள், அதில் விளிம்பு வெறுமையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ‘கிடைத்துவிட்டது’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அரசு அனுப்பியது வந்ததும் கையெழுத்துக்கு முன் விளிம்பில் நம்பரையும் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். புத்தகம் திரும்பி வந்தால் பதிவுக்குக் கீழே ரெக்கார்ட் ஆபீஸரின் கையெழுத்து, தேதி, வட்ட சீல் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் இல்லாத பதிவை அடுத்த ஆபீஸில் யாரும் ஏற்க மாட்டார்கள், புத்தகம் மறுபடி தபாலேற வேண்டியதுதான்.