நிபந்தனை விதிப்பது நீதிபதியா, அலுவலரா?

அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்களில் சிறைத்தண்டனை விதிக்கும் தீர்ப்பிலேயே, வெளிவந்த பின் எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நிபந்தனைகளோடு கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. 1987 நவம்பர் 1 முதல் நடந்த குற்றங்களுக்கு மத்திய அரசின் பரோல் முறையை, அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு விடுவிக்கும் முறையை, ஒழித்த 1984-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு மாற்றாக இந்தக் கண்காணிப்பு விடுதலையைக் கொண்டுவந்தது. பரோல் சிறையிலிருக்கும் காலத்தைக் குறைத்தது. இதுவோ சிறைவாசத்தை முடித்த பிறகு தொடங்குகிறது.

புதிய குற்றம் செய்யக் கூடாது என்பது போன்ற சிலவற்றைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. மற்றவை நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. ஆனாலும் அவை குற்றத்தின் தன்மை, குற்றவாளியின் பின்னணி, பொதுமக்கள் பாதுகாப்பு, அவருக்குத் தேவைப்படும் பயிற்சி அல்லது சிகிச்சை ஆகியவற்றோடு நியாயமான தொடர்புடையவையாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் அவரது சுதந்திரத்தைப் பறிக்கவும் கூடாது. சிறைக்குப் பதிலாக வழங்கப்படும் நன்னடத்தைக் கண்காணிப்பில், செய்த குற்றத்துக்குத் தக்க தண்டனை என்ற நோக்கையும் நீதிபதி கருதலாம். கண்காணிப்பு விடுதலைக்கான பட்டியலிலோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைச் சேர்க்கவில்லை. இந்த விடுபடலைப் பொருட்படுத்தாமல், நிபந்தனை மீறியவரை மீண்டும் சிறைக்கு அனுப்பும்போது சில நீதிமன்றங்கள் அந்நோக்கையும் கணக்கில் கொண்டுவந்தன. அது கூடாதென்று 2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது சரியென்றே கருதுகிறேன். மீறலை விசாரிக்க ஜூரி கிடையாது, ஐயத்துக்கு இடமற்ற நிரூபணமும் தேவையில்லை என்னும்போது, அங்கே பழைய குற்றத்துக்கு இன்னொரு முறை கணக்குத் தீர்ப்பதை எப்படி ஏற்பது?

எனினும் என்னை அதிகம் உறுத்துவது, "நன்னடத்தை அலுவலர் (விடுதலையானவரைக் கண்காணிப்பவர்) பணித்தால் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்" என்பது போல் ஆணைகளில் இடம்பெறும் வாசகம். எந்த மருத்துவமனை, எந்த நேரம் என்பதை அலுவலர் முடிவு செய்வதில் தவறில்லை. தினமும் நடக்கும் அவற்றுக்கெல்லாம் நீதிபதியைத் தேடிப் போக முடியாது. ஆனால் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதையே அலுவலரிடம் விட்டுவிட்டால், தண்டனை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து கைமாறிவிடுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பல இதை ஏற்பதில்லை. உள்நோயாளியாகத் தங்க வைப்பதா, வெளிநோயாளியாக வந்துபோகச் சொல்வதா என்பதையும் நீதிபதியே தீர்மானிக்க வேண்டும் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது. விருப்புரிமை நிபந்தனைகளைக் குற்றவாளியின் முன்னிலையில் நீதிபதி வாய்மொழியாக அறிவிக்க வேண்டும், பின்னர் எழுத்தில் மட்டும் சேர்த்தவை செல்லாது என்று 2020-இல் நான்காவது வட்டார நீதிமன்றம் ரோஜர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அச்சிட்ட படிவத்திலுள்ள நிபந்தனைகளை அப்படியே ஒட்டிவிடும் பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம். ஆட்சேபிக்க வேண்டியவர் எதிரே நிற்கும்போதே நீதிபதி காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.