கைப்பையில் இருந்த 11 பாக்கெட்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இரவு பத்தே முக்காலுக்குப் போன். "தங்கச்சி, என்னைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருக்காங்க. வர்றியா?" போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அக்கா அவ்வளவுதான் சொன்னார். பாலியல் தொழில் செய்பவர். பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை, கை காட்டவில்லை.

நான் போனபோது அவருடைய கைப்பை மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. சீப்பு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, மகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, 11 ஆணுறை பாக்கெட். ரைட்டர் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். போன வெள்ளிக்கிழமை அவற்றைக் கொடுத்தது நான்தான். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசாங்கம் இலவசமாகத் தருபவை.

உச்ச நீதிமன்ற உத்தரவின் நகல் எப்போதும் என் பையில் இருக்கும். 2022 மே 19, பாலியல் தொழிலாளர் உரிமை பற்றிய புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவின் எல்லாப் பரிந்துரையும் அதில் கட்டளையாகவில்லை, சிலவற்றை ஏற்க மத்திய அரசு தயங்கியது. ஆனால் ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்பது கட்டளை. அந்த வரியை மஞ்சள் மையில் கோடிட்டு வைத்திருக்கிறேன். எஸ்.ஐ. பொறுமையாகப் படித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். படித்து முடித்து, "சரிம்மா, பிட்டா வேணாம். செவன்டி ஃபைவ் போட்டுக்கறோம்" என்றார். பிட்டா என்பது 1956ஆம் வருட விபசாரத் தடுப்புச் சட்டம். செவன்டி ஃபைவ் என்பது நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொது இடத்தில் ஒழுங்கீனம். காலையில் அபராதம் கட்டினால் முடிந்தது.

கோர்ட்டில் எதிர்த்து நிற்கலாம் என்றேன். "வாய்தா வாய்தான்னு அலைஞ்சா அன்னைக்கு வருமானத்த யாரு தருவா? கட்டிரலாம் விடு" என்றார் அக்கா.

ஜூன் 5, வியாழன்

எங்கள் அமைப்பில் புதிதாகச் சேர்ந்த பெண், தொழில் செய்வது குற்றமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேச வேண்டியதாயிற்று.

வயதுவந்த பெண் தன் விருப்பத்தில், தனியாக, தன் அறையில் செய்தால் 1956ஆம் வருடச் சட்டம் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அந்தத் 'தனியாக'தான் உயிரை எடுக்கிறது. எனக்குத் தெரிந்து இரண்டு அக்காக்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருவர் கஸ்டமரோடு உள்ளே இருந்தால் மற்றவர் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே குரல் மாறினால் கதவைத் தட்டி, "அக்கா, சிலிண்டர்காரர் வந்திருக்கார்" என்பார். இந்த ஒரு வாக்கியம் இரண்டு முறை கழுத்திலிருந்து கையை எடுக்க வைத்திருக்கிறது. சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்து பயனடையும் அந்த வீடு விபசார விடுதி. 3ஆம் பிரிவு.

கஸ்டமரைத் தேடி வெளியே வந்து நின்றால் 8ஆம் பிரிவு. கோயில், பள்ளி, ஆஸ்பத்திரியிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் 7ஆம் பிரிவு. சென்னையில் 200 மீட்டருக்குள் ஒரு கோயில்கூட இல்லாத தெருவை யாராவது காட்டட்டும்.

அந்த இரண்டு அக்காக்களில் மூத்தவரின் மகனுக்கு மார்ச்சில் 18 முடிந்தது. அம்மாவின் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழும் 18 வயதைக் கடந்த எவரையும் 4ஆம் பிரிவு இரண்டு ஆண்டு வரை உள்ளே வைக்கலாம். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸை பேங்கில் போடப் பயந்து கையில் கொடுக்கிறார். இந்தப் பிரிவு தரகரைப் பிடிக்க எழுதப்பட்டது என்று எனக்கும் தெரியும். பிள்ளைக்கு விலக்கு என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கலாமே?

ஜூன் 11, புதன்

இன்று எச்.ஐ.வி. டெஸ்ட் முகாம், 14 பேர் வந்தார்கள். இப்போது தொழில் எல்லாமே போனில் நடக்கிறது. ரோட்டில் நின்றபோது ஆளின் முகத்தைப் பார்த்து, குடித்திருக்கிறானா என்று மோந்து பார்த்து, பக்கத்தில் நிற்பவளிடம் வண்டி நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது கதவு திறந்த பிறகுதான் முகமே தெரிகிறது. ஜிபேயில் பணம் வாங்கினால் பேங்கில் உள்ள நிஜப் பெயர் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவன் அந்தப் பெயரை வைத்தே ஒரு தங்கையை மூன்று மாதமாக மிரட்டுகிறான். புகார் கொடுக்கலாம் என்றால், "எங்க பாத்தேன்னு கேப்பாங்களே" என்கிறாள்.

1986இல் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இந்த ஊரில், பிடித்துக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில்தான். அதைக் கண்டறிந்த டாக்டர் நிர்மலா, டாக்டர் சுனிதி சாலமன் பெயர்கள் நிலைத்திருக்கின்றன, நிலைக்கவும் வேண்டும். ஊசிக்குக் கை நீட்டிய அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று முகாம் நாளில் எல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 19, வியாழன்

பேப்பரில் 'அழகிகள் மீட்பு' என்று போட்டிருந்தார்கள். மீட்கப்பட்டவரை இன்றுதான் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தேன். 34 வயது. வரமாட்டேன் என்று சொன்னவரை வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். விசாரணைக்காக மூன்று வாரம் வரை வைக்கலாம், அதன்பிறகும் மாஜிஸ்திரேட் நினைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வருடம். விருப்பமில்லாமல் அடைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்கச் சொன்னதும் அதே 2022 உத்தரவுதான். இவருக்கு 17 நாள்.

ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட சிறுமிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தக் கதவு உடைக்கப்பட்டே ஆக வேண்டும். இவரையும் அவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அந்த அக்காவோடு அவர் இருந்த வீட்டுக்குப் போனேன். வேறு பூட்டு. "உனக்கு வீடு கொடுத்தா என்னையும் சேத்து உள்ள வெப்பாங்கம்மா" என்றார் ஹவுஸ் ஓனர். பொய்யில்லை, தெரிந்தே இடம் கொடுப்பவர்மீதும் வழக்கு உண்டு. அட்வான்ஸைப் பற்றிப் பேச்செடுத்ததும் உள்ளே போய்விட்டார்.

மாடிப்படிக்கு அடியில் சாமான்களை மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். அக்கா பாத்திரத்தைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து மகளின் ஏழாம் வகுப்பு நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்தார். "கணக்கு நோட்டக் காணோமே" என்றார். நானும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.