கொலம்பியா சிட்டியின் கடைசிப் புதன்கிழமை

அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போகிற யாரும் பைக் பிளேஸ் மார்க்கெட்டைத் தவிர்க்க முடியாது. மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் கடை, அதைப் படமெடுக்க முண்டும் கூட்டம், ஸ்டார்பக்ஸ் வாசலில் வரிசை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தச் சந்தை பிறந்த கதை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1906-க்கும் 1907-க்கும் இடையில் அங்கே வெங்காய விலை பத்து மடங்கு ஏறியதாம். இடைத்தரகர்கள் மேல் ஊரே கொதித்தது. விவசாயிகள் நேரடியாக விற்க ஓர் இடம் வேண்டும் என்று தாமஸ் ரெவெல் என்ற நகரசபை உறுப்பினர் கேட்டு வாங்கினார். 1907 ஆகஸ்ட் 17 அன்று சில விவசாயிகள் வண்டியோடு வந்து நின்றார்கள், மதியத்துக்குள் எல்லாம் காலி. இன்றைக்கு அங்கே வருகிறவர்களோ பெரும்பாலும் என்னைப் போல வேடிக்கை பார்க்கிறவர்கள். ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிக்கொண்டு போகிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"காய் வாங்கணும்னா அங்கே ஏன்க்கா போற?" என்றாள் தங்கை. அவள் அங்கே குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. "புதன்கிழமை கொலம்பியா சிட்டிக்குப் போவோம். இந்த வருஷத்துக்கு அன்னைக்குத்தான் கடைசிச் சந்தை. விட்டா மே மாசம்தான்."

நகர மையத்திலிருந்து லைட் ரெயிலில் தெற்கே இருபது நிமிடம் போல ஆகிறது. 2009-இல் திறந்த பாதை. நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் பழைய செங்கல் கட்டடங்கள் வரிசையாக வருகின்றன. கொலம்பியா சிட்டி ஒரு காலத்தில் தனி ஊர். 1907-இல்தான் சியாட்டிலோடு சேர்ந்தது. ஆமாம், பைக் பிளேஸ் பிறந்த அதே வருடம். தொழிலதிபர் கார்னகி தந்த பணத்தில் 1915-இல் கட்டிய நூலகம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு பெரிய புல்வெளி. சோமாலியா, எத்தியோப்பியா, வியட்நாம் என்று பல நாட்டுக் குடும்பங்கள் வாழும் பள்ளத்தாக்கு இது. சந்தைக்குப் போகும் வழியிலேயே நாலு மொழி காதில் விழுந்தது.

சந்தை என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு தெருவை மறித்து, இரண்டு பக்கமும் வெள்ளைக் கூடாரங்கள், அவ்வளவுதான். மே மாதம் தொடங்கி அக்டோபர் பாதி வரை புதன்கிழமைகளில் மட்டும், மாலை மூன்றிலிருந்து ஏழு வரை. நடத்துவது நெய்பர்ஹுட் ஃபார்மர்ஸ் மார்க்கெட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. 1993-இல் பல்கலைக்கழகப் பக்கம் ஒரு சந்தையோடு ஆரம்பித்துப் பிறகு மற்ற வட்டாரங்களுக்கும் வந்தார்கள். வாங்கி விற்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் தாங்களே விளைவித்ததை, பொறுக்கியதை அல்லது செய்ததைத்தான் கொண்டுவர வேண்டும். அதனால் வாழைப்பழம், எலுமிச்சை எதுவும் கண்ணில் படாது. மூன்று மணிக்கு மணி அடித்த பிறகே வியாபாரம் தொடங்குகிறது. அதற்கு முன்பே கேரட் கட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார், ரேஸுக்கு நிற்கிற மாதிரி.

கடைசி நாள் என்றால் மேசைகள் பாதி காலியாக, வாடியதும் வதங்கியதுமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். போய்ப் பார்த்தால் மேசை கொள்ளாமல் அடுக்கியிருக்கிறார்கள். மண் ஒட்டிய கேரட், பீட்ரூட், கை நீளத்துக்கு லீக் என்ற வெங்காயத்தாள், வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப், முட்டைகோஸ் மூன்று நிறத்தில், கேல் கீரை கட்டுக் கட்டாக. பரங்கிக்காயில் மட்டும் எத்தனை ரகம்! பச்சைத் தோல் கபோச்சா, மஞ்சளில் பச்சைக் கோடு போட்ட டெலிகாட்டா, சுரைக்காய் வடிவத்தில் பட்டர்நட். கோடைக்காலத் தக்காளியின் கடைசிப் பழங்களுக்குப் பக்கத்திலேயே பழுக்காத பச்சைத் தக்காளியும் ஒரு கூடை. இனி வெயில் வந்து அதைப் பழுக்க வைக்கப்போவதில்லை என்று முடிவு செய்து பறித்துவிட்டார்கள்.

கேரட் விற்ற அம்மாளிடம் கேட்டேவிட்டேன். இவ்வளவு விளைச்சல் இருக்கும்போது ஏன் சந்தையை மூடுகிறீர்கள்? அவர் சிரித்துக்கொண்டே மேற்கே கையைக் காட்டினார். மணி ஐந்தேகால்தான். சூரியன் அதற்குள் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சியாட்டில் வட அட்சரேகை 47 பாகைக்கும் மேலே இருக்கிறது. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் நடுவில் ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் ஐந்து மணிக்கு முன்பே இருட்டு. வேலை முடிந்து வருகிறவர்களை நம்பி நடக்கிற மாலைச் சந்தை இதற்கு மேல் எப்படித் தாங்கும்? அவருடைய செடிகள் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன, ஆட்களுக்குத்தான் வெளிச்சம் தீர்ந்துபோகிறது.

அவர் பண்ணை கிழக்கே ஸ்னோகுவால்மி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆற்று வண்டல், அருமையான மண். ஆனால் நவம்பர் மழையில் அதே ஆறு வயலுக்குள் வந்துவிடும். வெள்ளநீர் பட்ட காயை விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி, கழுவித் துடைத்தாலும் சரி. எனவே தாழ்வான வயல்களில் உள்ளதை மழைக்கு முன்னால் எடுத்தாக வேண்டும், டிராக்டரை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். "உறைபனி விழட்டும், இந்தக் கேரட் இன்னும் இனிக்கும்" என்றார். குளிரில் உறைந்துபோகாமல் இருக்க, செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. கேரட், பார்ஸ்னிப், கேல் மூன்றுமே அப்படித்தான். ஆற்றுக்கும் உறைபனிக்கும் நடுவில் கிடைக்கிற அந்தச் சில வாரங்கள்தான் அவருக்கு வருடத்தின் பெரிய சூதாட்டம் போலிருக்கிறது. அவர் குரலில் பதற்றம் எதுவும் தெரியவில்லை. பழகிப்போயிருக்கும்.

பழக்கடைக்காரர் கதை வேறு. அவர் வருவது காஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம், யாக்கிமாவிலிருந்து. கிட்டத்தட்ட 230 கிலோமீட்டர். நடுவில் 900 மீட்டருக்கும் மேல் உயரத்தில் ஒரு கணவாய். குளிர்காலத்தில் பனி பெய்தால் லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டும், சில நாள் பாதையையே மூடிவிடுவார்கள். மேற்குக் காற்று கொண்டுவரும் மழையையெல்லாம் மலை இந்தப் பக்கமே இறக்கிவிடுவதால், யாக்கிமாவில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவுதான் பெய்கிறது. சியாட்டிலில் அதைப் போல நாலு மடங்குக்கும் மேல். வறண்ட வெயிலும் வாய்க்கால் பாசனமும் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் பழத்தோட்டமாக்கிவிட்டன. பீச் முடிந்துவிட்டது, இப்போது ஆப்பிளும் பேரிக்காயும்தான். ஃபூஜி ஆப்பிள் ஒன்றை அறுத்து நீட்டியவர், "இன்னைக்கே எல்லாத்தையும் தின்னுடாதீங்க. கொஞ்சம் எடுத்து வையுங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்றார். ஒரு வியாபாரி இப்போது சாப்பிடாதே என்று சொல்லி விற்பது எனக்குப் புதுசு. பரங்கிக்காய் விற்றவரும் கபோச்சாவைப் பற்றி அதையேதான் சொன்னார். கொடியிலிருந்து பறித்தவுடன் சமைத்தால் வெறும் மாவாக இருக்குமாம், சில வாரம் வைத்திருந்தால்தான் இனிப்பு ஏறும். டெலிகாட்டாவின் தோல் மெல்லியது, அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். தங்கை இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவளாக, சமையல் வரிசைப்படியே பைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பூக்கடையில்தான் சீசன் முடிவது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கெட் பக்கெட்டாக டேலியா. 1913 முதல் அதுதான் சியாட்டிலின் அதிகாரப்பூர்வ மலர். விற்றது ஒரு ஹமோங் குடும்பம். வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த இந்த மக்கள்தான் இன்றைக்கு சியாட்டில் சந்தைகளின் பூ வியாபாரத்தைத் தாங்குகிறார்கள், பைக் பிளேஸிலும் அவர்கள்தான். டேலியாவுக்குக் குளிர் கொஞ்சமும் ஆகாது. ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் மறுநாள் செடி முழுக்கக் கறுத்துத் தொங்கிவிடும். அப்புறம் தண்டை வெட்டி, மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கைத் தோண்டி, பிரித்து, உறையாத இடத்தில் வசந்தம் வரை பத்திரமாக வைக்க வேண்டும். பூ விற்ற பெண் பேச்சு வாக்கில், அடுத்த வாரத்திலிருந்து தோண்டுகிற வேலைதான் என்றார். பூ பறிப்பதைவிட அதுதான் இடுப்பை ஒடிக்கிற வேலையாம். ஆறு மணிக்கு மேல் இரண்டு கட்டு எடுத்தால் மூன்றாவது இலவசம் என்று ஆனது. நாங்களும் எடுத்தோம், கையில் இடமில்லாவிட்டாலும்.

சந்தையின் ஓரத்தில் தகவல் கூடாரம் ஒன்று. அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் அங்கே கொடுத்தால், அந்தப் பணத்துக்கு டோக்கன் தருகிறார்கள், காய் பழம் வாங்க மேற்கொண்டு ஒரு தொகையும் சேர்த்து. வருமானம் குறைந்த முதியவர்களுக்கென்று தனியாக ஓர் உதவித் திட்டமும் உண்டு. அதில் வரும் பணத்தை அக்டோபர் 31-க்குள் செலவழித்துவிட வேண்டும், இல்லையென்றால் போய்விடும். அதனால் அன்றைக்கு அந்தக் கூடாரத்தின் முன்னால்தான் வரிசை நீளம். ஒரு பாட்டி மிச்சத் தொகை எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, நேராக ஆப்பிள் கடைக்குப் போய்ப் பேரம் எதுவும் பேசாமல், ஆனால் ஒவ்வொரு பழமாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினார். கடைக்காரர் கடைசியில் இரண்டு பழம் மேலே போட்டார்.

ஏழு மணிக்கு நல்ல இருட்டு. வேன் விளக்கு வெளிச்சத்தில் கூடாரங்களை மடக்கினார்கள். காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொரு காலிலும் கட்டியிருந்த எடைகளை அவிழ்த்து, தள்ளுவண்டியில் ஏற்றி உருட்டிக்கொண்டு போகிற சத்தம் தெரு முழுக்க. விற்காத காய்களில் ஒரு பகுதி உணவு வங்கிக்கென்று தனிப் பெட்டிகளில் போனது. மிச்சத்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் பீட்ரூட் வாங்கிப் போனார், பழக்காரருக்கு வெண்ணெய்க் கட்டி கிடைத்தது. கட்டிப்பிடித்து விடைபெறுவதெல்லாம் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஒருவர் சத்தமாகச் சொன்னார், நாளைக்குக் காலையில் ஒன்பது மணி வரை தூங்கப்போகிறேன் என்று. அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

நான் நினைத்த மாதிரி விவசாயிகள் வீட்டில் போய் உட்காரப்போவதும் இல்லை. "சனிக்கிழமை யூ டிஸ்ட்ரிக்ட் வாங்க, நான் அங்கே இருப்பேன்" என்று கேரட் அம்மாள் சொல்லியிருந்தார். 1993-இல் தொடங்கிய அந்த முதல் சந்தை வருடம் முழுக்க நடக்கிறது, பகலில் நடப்பதால் இருட்டுத் தொல்லை இல்லை. சனிக்கிழமை போனோம், தூறலில். இங்கே காட்டுக் காளான்கூட வந்திருந்தது. சாண்டரெல் என்று பெயர், மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். மலைக்காட்டில் டக்ளஸ் ஃபிர் மரத்தின் வேரோடு கூட்டு வைத்து வளரும் காளான் இது. தோட்டத்தில் பயிராக்க முடியாது என்பதால், காட்டுக்குள் போய்ப் பொறுக்கித்தான் கொண்டுவர வேண்டும். மழை தொடங்கிய பிறகுதான் அதற்குச் சீசனே. புதன்கிழமைக் கூட்டத்துக்கு இது கிடைக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷம்.

அக்டோபரில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சனிக்கிழமை யூ டிஸ்ட்ரிக்ட் காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்கு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கேபிடல் ஹில், வெஸ்ட் சியாட்டில், பாலர்ட் மூன்றுமே உண்டு, குளிர்காலத்திலும். குடையை விட்டுவிட்டுத் தொப்பி வைத்த மழைக்கோட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், கூடாரங்களுக்கு நடுவே குடையோடு நடந்தால் கண்ணில் குத்துகிறது என்று திட்டுவார்கள். துணிப்பையோடு ஒரு முதுகுப்பையும் இருக்கட்டும். கபோச்சா ஒன்றே இரண்டு கிலோ வரும், லைட் ரெயிலில் நின்றுகொண்டு வரும்போது அதன் கனம் தெரியும்.