கேட்டுக்கு வெளியே இரண்டு வருடங்கள்

பிலிப்பைன்ஸில் வீட்டுக் கதவை யாரும் அவ்வளவாகத் தட்டுவதில்லை. கேட்டருகே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுப்பார்கள். தாவோ என்றால் மனிதன். "மனுசன் வந்திருக்கேனுங்க" என்பது மாதிரி. அந்தப் 'போ' நம் ஊர் 'ங்க' போல மரியாதைக்குச் சேர்ப்பது. தமிழ் பேசி வளர்ந்தவனுக்கு அது ஆளை விரட்டுவது போலத்தான் கேட்கும். வயதான அம்மாக்களைப் பார்த்து 'போ' 'போ' என்று சொல்ல முதல் சில வாரங்கள் எனக்கு நாக்கு கூசியது.

2016இல், 19 வயதில், கோயம்புத்தூரிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு மத ஊழியத்துக்குப் போனேன். வெளியில் எங்களை மார்மன் என்றால்தான் தெரியும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். எங்கள் சபைப் பையன்கள் 18 வயதிலிருந்து போகலாம், இரண்டு வருடம். சம்பளம் கிடையாது. செலவுக்குக் குடும்பமும் சபையும் சேர்ந்து கொடுக்கும். எந்த நாடு என்று நாம் கேட்டு வாங்க முடியாது, கடிதத்தில் வரும் ஊருக்குப் போக வேண்டும். எனக்கு வந்தது லூசோன் தீவிலுள்ள சான் பாப்லோ பக்கம்.

மணிலா பக்கத்தில் கேசோன் சிட்டியில், எங்கள் ஆலயத்துக்கு எதிரிலேயே பயிற்சி மையம். அங்கே ஆறு வாரம் அந்தப் பக்கத்து மொழியான தகாலோக் படித்தேன். 1961 ஏப்ரல் 28 அன்று மணிலாவின் அமெரிக்க ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபைத் தலைவர்களில் ஒருவரான கோர்டன் ஹிங்க்லி ஜெபம் செய்து அந்த நாட்டில் ஊழியத்தைத் தொடங்கிவைத்தபோது, கூடியிருந்தவர்களில் பிலிப்பினோ உறுப்பினர் ஒரே ஒருவர்தான் என்று அங்கே சொன்னார்கள். இன்று 8 லட்சத்துக்கும் மேல். அந்த ஒருவரைப் பற்றித்தான் எனக்கு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

சான் பாப்லோ ஏழு ஏரிகள் உள்ள ஊர். பெரியதன் பெயர் சம்பாலோக். சம்பாலோக் என்றால் புளி என்று தெரிந்த அன்று, ஊரில் பாதி எனக்குச் சொந்தமாகிவிட்டது போலிருந்தது. புளி போட்டுக் கொதிக்கவைத்த சினிகாங் என்ற குழம்பை முதல் கரண்டி வாயில் வைத்தபோது மீதிப் பாதியும்.

காலை 6.30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், வேத வாசிப்பு, மொழிப் படிப்பு. 10 மணிக்கு வெளியே இறங்கினால் இரவு 9 வரை நடை. வெள்ளை அரைக்கைச் சட்டை, டை, நெஞ்சில் கருப்புப் பெயர்ப்பட்டை. எங்கே போனாலும் இருவர்தான், தனியாக ஒரு நிமிடமும் கிடையாது. ஒருவர் பார்வையில், ஒருவர் காதுக்கெட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும்.

என் முதல் துணைவர் அமெரிக்காவின் இடாஹோவில் உருளைக்கிழங்கு விளையும் பக்கத்துப் பையன், 20 வயது. எனக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உன்னிடம் எனக்கு என்ன குறை, என்னிடம் உனக்கு என்ன குறை என்று பேசிவிட வேண்டும். அது விதி. அண்ணன் தம்பிகூட நம் வீடுகளில் அப்படி உட்கார்ந்து பேசுவதில்லை. முதல் வாரம் எனக்கு உடம்பே நடுங்கியது. அவர் சொன்னார்: "வீட்டுக்காரர் பேசி முடிக்கும் முன்பே நீ பதிலைத் தேட ஆரம்பித்துவிடுகிறாய். உன் கண்ணிலேயே தெரிகிறது." அன்று இரவு கோபத்தில் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அவர் தெருவில் நடந்தால் பிள்ளைகள் "ஹே ஜோ!" என்று ஓடிவருவார்கள். வெள்ளைக்காரர் எல்லாரும் அங்கே ஜோதான். என்னைப் பார்த்தால் அதே பிள்ளைகள் உள்ளே ஓடிவிடுவார்கள்.

காரணம் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஊருக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவே பெட்டிக்கடை மாதிரி ஒரு கடை, அங்கே சாரி-சாரி என்பார்கள். கம்பிவலைக்குப் பின்னால் ஷாம்பு சாஷே சரம் தொங்கும். பக்கத்தில் கேட். நான் குரல் கொடுத்தேன். ஆறேழு வயதுப் பையன் எட்டிப் பார்த்தான், "நானாய், பும்பாய்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனான். கேட்டில் சங்கிலி மாட்டும் சத்தம். பிறகு அதே பையனின் குரல்: "அம்மா வீட்டில் இல்லை." அம்மாவின் செருப்புக் கால்கள் தட்டிக்குக் கீழே தெரிந்துகொண்டிருந்தன.

நானாய் என்றால் அம்மா, பும்பாய் என்றால் பம்பாய். அங்கே இந்தியர் எல்லாருக்கும் அதுதான் பெயர். மோட்டார் சைக்கிளில் தெருத் தெருவாக வந்து வட்டிக்கு விடுபவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். 5 வாங்கினால் 6 திருப்பித் தர வேண்டும், அதனால் ஃபைவ்-சிக்ஸ். அடமானம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், நாள் வசூல். நம் ஊர் தண்டல்தான். வங்கிக்குள் நுழைய முடியாத கடைக்காரம்மாவுக்கு அவரை விட்டால் வேறு வழியும் இல்லை. அவரைத் திட்டுவார்கள், மறுவாரம் அவரிடமே வாங்குவார்கள். சாப்பிடாத பிள்ளையைப் பும்பாய் பிடித்துக்கொண்டு போவான் என்று மிரட்டவும் அவர்தான். 2017 ஜனவரியில் அதிபர் துதெர்த்தே இந்த வட்டிக்காரர்களை ஒழிக்க வேண்டும் என்று பேசினார். அந்த மாதம் பல கேட்டுகளில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

எனக்கு வலித்தது. கடவுள் பேரைச் சொல்ல வந்தவன் கேட்டில் நிற்பதைப் பார்த்து ஒரு தாய் ஒளிந்துகொள்கிறாள். எங்கள் ஊழியத்துக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் எழுதி வேறு இடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்து வந்த துணைவர் அந்த நாட்டுக்காரரே, பிகோல் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன். முதல் நாளே என்னைக் கவனித்துவிட்டு, "எல்டர், கையில் என்ன?" என்றார். ஊழியப் பையன்களை எல்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் திட்டக் குறிப்பேடு. யாரை எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதும் சின்ன நோட்டு. அதையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்பது என் பழக்கம். "வசூலுக்கு வருகிறவர் அப்படித்தான் நிற்பார். பைக்குள் போடு. கை வெறுமையாகத் தெரியட்டும்" என்றார். இடாஹோக்காரர் மூன்று மாதம் கூடவே நடந்தும் அது அவர் கண்ணில் படவில்லை. அவர் வீட்டுக்கு யாரும் நோட்டோடு வந்திருக்க மாட்டார்கள்.

பிகோல்காரரோடு அந்தக் கடைக்கு மறுபடி போனோம். அன்று கேட் திறந்தே கிடந்தது. பின்னால் கொப்பரை வேலை. அங்கேயும் அதற்குக் கோப்ரா என்றுதான் பெயர், சொல் நம் பக்கத்திலிருந்து போனது. நாம் களத்தில் வெயிலில் காயவைப்போம், அவர்கள் மூங்கில் தட்டிமேல் பரப்பிக் கீழே மட்டையை எரித்துப் புகையில் காயவைக்கிறார்கள். அந்தப் புகைவாசம் சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. கடைக்காரம்மாவின் கணவர் ஒற்றை ஆளாக மட்டை உரித்துக்கொண்டிருந்தார், கூலியாள் வரவில்லையாம்.

நான் டையைக் கழற்றிப் பையில் வைத்தேன். பொள்ளாச்சியில் என் அப்பிச்சி தோப்பில் பள்ளி விடுமுறை முழுக்க நான் செய்த வேலை இது. கூர்முனை மேலே பார்க்கக் கடப்பாரை நட்டிருக்கும். காயை இரு கையாலும் பிடித்து முனையில் இறக்கி ஒரு பக்கமாகத் திருகினால் மட்டை வாய் பிளக்கும். மூன்று திருகில் காய் கையில் வந்துவிட வேண்டும், நாலாவது போட்டால் அப்பிச்சி தலையில் தட்டுவார். முதல் காய் ஐந்து திருகு ஆயிற்று, பத்தாவது மூன்றில் வந்தது. பெரியவர் வேலையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். "உங்கள் நாட்டிலும் தென்னை உண்டா?" என்றார். என்ன மரம் எத்தனை காய் பிடிக்கும், வண்டு எப்போது விழும் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தகாலோக்கில் ஒரு மணி நேரம் பேசினோம். வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"காஇன் தாயோ" என்றார் அந்த அம்மா. சாப்பிடலாம் வாங்க. சோறும் பொரித்த மீனும். முன்னதாகக் காபி கலந்து கொண்டுவந்தார். நாங்கள் காபி, டீ குடிப்பதில்லை என்று சொல்வதுதான் எனக்கு எல்லா வீட்டிலும் கஷ்டமான நிமிடம். நீட்டிய டம்ளரை மறுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாதா? அவர் எதுவும் சொல்லாமல் அதைக் கணவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் நேராகக் கேட்டார்: "அந்த பும்பாய் தினமும் என்னிடம் காசு கேட்கிறார். நீ என்ன கேட்க வந்திருக்கிறாய்?"

நான் எதுவும் கேட்க வரவில்லை, கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மனப்பாடமான பதில். இடாஹோக்காரர் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். "நானும் கேட்கத்தான் வந்தேன் நானாய். இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லி, ஜெபம் பண்ணச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வரச் சொல்லி" என்றேன். பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கராக இருக்கும் நாடு அது. சாமிப் படம் மாட்டிய சுவரின் கீழ் உட்கார்ந்து, அவருடைய பாட்டி காலத்துப் பழக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். ஐந்துக்கு ஆறு கேட்பவரைவிட நான் கேட்பது பெரிது. அதைச் சுமந்துகொண்டுதான் அதன்பின் ஒவ்வொரு கேட்டிலும் நின்றேன். நான் நம்புவதை இன்றும் முழுமனதோடு நம்புகிறேன். அதனாலேயே அவசரப்படுத்தக் கூடாது என்று அன்று தோன்றியது.

"யோசிக்கிறேன். நீ மீனை எடுத்துக்கொள்" என்றார்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு. வாளியில் துணி துவைத்து, காலரைத் தேய்த்து, கம்ப்யூட்டர் கடையில் வீட்டுக்கு மின்னஞ்சல். சுற்றிலும் பையன்கள் கேம் ஆடிக் கத்துவார்கள், நடுவே அம்மாவின் கடிதம். அப்போதெல்லாம் வீட்டோடு பேசுவது வருடத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். நல்லது என்றே நினைக்கிறேன். என் அம்மா அழாமல் பேச வேண்டும் என்று ஒரு மாதம் ஒத்திகை பார்த்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் கிறிஸ்துமஸ் அழைப்பில் நான் பேசியதில் பாதி புட்டைப் பற்றி. டிசம்பர் 16இலிருந்து விடியற்காலைப் பூசை நடக்கும் கோயில் வாசல்களில் புதோ பும்போங் விற்பார்கள். மூங்கில் குழாயில் அரிசிமாவை அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி வாழையிலையில் தருவார்கள். நிறம் ஊதா, மற்றபடி நம் குழாய்ப் புட்டேதான். "அங்கேயும் தேங்காய் போடறாங்களா சாமி?" என்று அம்மா மூன்று தடவை கேட்டார்.

வாராந்தர அறிக்கையில் எண்கள் கேட்பார்கள். எத்தனை பாடம், எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தார்கள். கடைக்காரம்மா இரண்டு ஞாயிறு வந்தார். அவ்வளவுதான். தேதி என்ற கட்டத்தில் அவர் பெயரை நான் எழுதவே இல்லை. திரும்பி வந்து மோட்டார் பம்ப் கம்பெனி நேர்காணலில், அந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது நினைவுக்கு வந்தது அந்த நிரப்பாத கட்டம்தான்.

ஆறு மாதம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. கடைசி மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. பிகோல்காரர் பின்னால் நின்றுகொண்டார், நீயே கூப்பிடு என்று. "தாவோ போ!" என்றேன்.

"நானாய், நம்ம பும்பாய் வந்தாச்சு!" என்று உள்ளிருந்து அதே பையன் கத்தினான். ஓடிவந்து சங்கிலியைக் கழற்றினான். பெரியவர்களுக்குச் செய்வது போல என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். ஈரக் கை. உள்ளே புளி கொதிக்கும் வாசம் வந்தது.