ரோட்டைப் பாக்காத, முள்ளைப் பாரு

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் திசைவேகம்–நேரம் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, வண்டியின் இயக்கத்தை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். கோடு ஏறி, சமமாக ஓடி, பிறகு இறங்கியது. ‘வண்டி மேடேறி, சமதளத்தில் ஓடி, பள்ளத்தில் இறங்குகிறது’ என்று எழுதி வைத்தேன். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே தினமும் பஸ்ஸில் போய் வருகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? ரோடே அப்படித்தானே. மதிப்பெண் பூஜ்யம்.

மாமாதான் புரிய வைத்தார், பைக்கில் போகும்போது. அழகியமண்டபம் பக்கம் ஓர் ஏற்றம், முன்னால் பாரம் ஏற்றிய லாரி. “ரோட்டைப் பாக்காத மக்கா, முள்ளைப் பாரு” என்றார். ரோடு மேலே போகிறது, ஸ்பீடோமீட்டர் முள்ளோ கீழே இறங்குகிறது. வரைபடத்தில் வருவது அந்த முள்தான். அன்றிலிருந்து கோட்டைப் பார்க்கும் முன்பே செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவேன். இடப்பெயர்ச்சி என்றிருந்தால் கிடைக்கோடு நிற்கிற வண்டி. திசைவேகம் என்றிருந்தால் அதே கோடு ஒரே வேகத்தில் ஓடுகிற வண்டி.

சரி, கணக்குக்கு வருவோம். நின்ற வண்டி 5 வினாடியில் சீராக மணிக்கு 36 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது. அதற்குள் எவ்வளவு தொலைவு போயிருக்கும்? முதலில் 5/18ஆல் பெருக்குங்கள்: வினாடிக்கு 10 மீட்டர். இதை மறந்து 36ஐ அப்படியே போட்டால் 90 என்று விடை வரும். அதுவும் தெரிவுகளில் ஒன்றாகக் காத்திருக்கும்! கோட்டின் சாய்வு 10/5, அதாவது முடுக்கம் 2 மீ/வி². கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்புதான் கடந்த தொலைவு: ½ × 5 × 10 = 25 மீட்டர். வரைபடத்தாளில் அதை வினாடி வினாடியாகக் கீறிப் பார்த்தால் 1, 3, 5, 7, 9 மீட்டர் என்று விழும். கலிலியோ கண்ட ஒற்றைப்படை வரிசை இதுதான். தொடக்கத்திலேயே வேகம் இருந்தால் முக்கோணத்துக்கு அடியில் ஒரு செவ்வகம் சேரும், அவ்வளவுதான். s = ut + ½at² என்ற சூத்திரத்தின் (s இடப்பெயர்ச்சி, u தொடக்கத் திசைவேகம், a முடுக்கம், t நேரம்) இரண்டு உறுப்புகளும் அந்த இரண்டு பரப்புகளே.

அப்புறம், மேலே எறிந்த பந்து. 19.6 மீ/வி வேகத்தில் எறிந்தால் (காற்றுத் தடையை விட்டுவிடுவோம்) 2ஆவது வினாடியில் கோடு அச்சைத் தொடும், 4ஆவதில் −19.6க்குப் போகும். உச்சியில் முடுக்கமும் சுழி என்று டிக் அடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அச்சைக் கடக்கும்போது கோடு எங்கும் வளையவில்லை. சாய்வு கடைசிவரை −9.8தான். மேலே ஒரு முக்கோணம், கீழே ஒன்று, இரண்டும் 19.6 மீட்டர். கழித்தால் இடப்பெயர்ச்சி சுழி, கூட்டினால் கடந்த தொலைவு 39.2. இரண்டில் எதைக் கேட்கிறார்கள் என்று கேள்வியை இன்னொரு தடவை வாசித்துவிட்டுக் குறியுங்கள்.