முண்டந்துறையில் சிங்கம் கிடையாது

எங்கள் மதினி ஒரு காரியத்தில் இறங்கினால் ஊரே அதில் இறங்கியாக வேண்டும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் காளான் வளர்க்கக் கற்றுக்கொண்ட வருடத்தில் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கெல்லாம் எங்கள் குடும்பம் காளானைத்தான் மொய்யாக வைத்தது. ஆகவே அவர் யோகாசனப் பயிற்சியாளர் சான்றிதழோடு வந்து இறங்கியபோது, பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கும்படி அண்ணனே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

கோடை விடுமுறையில் மொட்டைமாடியில் தொடங்கிய வகுப்பு முதலில் தேறவில்லை. பதஞ்சலி, இயமம், நியமம் என்று மதினி விளக்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினார்கள். தாகம் தணிந்த பிறகும் ஒருவரும் மேலே வரவில்லை. மறுவாரம் அவர் பதஞ்சலியை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பாளையங்கோட்டையிலிருந்து முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கும் காரையாறு அணைக்கு அழைத்துப் போனார்.

பேருந்து என்றால் தண்டாசனம். காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். வழியில் பனைமரங்கள் வரும், எல்லோரும் ஒற்றைக்காலில் விருட்சாசனத்தில் நிற்க, மதினி "ஆனிக் காற்று!" என்று குரல் கொடுத்ததும் மரங்கள் ஆட வேண்டும், ஆனால் சாயக் கூடாது, சாய்ந்துவிடுவோம் என்று பயப்படும் பனை, பக்கத்துப் பனையின் உள்ளங்கையோடு தன் உள்ளங்கையைச் சேர்த்துக்கொள்ளலாம். அணைக்குப் போய்ச் சேர்ந்தால் படகு, அதாவது நாவாசனம். கரையில் தவளை, புதரில் நாகம். பெரிய பிள்ளைகள் வரிசையாகக் கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தி அதோமுக சுவானாசனத்தில் நின்றால் அது குகை; சிறியவர்கள் அதற்குள் தவழ்ந்து மறுபுறம் போய்விடுவார்கள். மூச்சுப் பயிற்சிக்கு எல்லோரும் மல்லாந்து படுத்து, தங்களுக்குப் பிடித்த பொம்மையை வயிற்றின் மேல் வைத்து, அதை ஏற்றி இறக்க வேண்டும். எங்கள் சின்னவன் தன்னுடைய ஜேசிபியைக் கொண்டுபோய், வயிற்றாலேயே மண் அள்ளிக்கொண்டிருந்தான்.

விளையாட்டு என்பதால் மதினி எதையும் தளர்த்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாதவர்கள் பேருந்தில் ஏற முடியாது. மாலையில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்த ஒருவன் அன்று முழுக்க நடத்துநராகவே இருந்தான். சிரசாசனம் கேட்டு அடம்பிடித்தவளிடம், கழுத்து முற்றட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். மூச்சை அடக்கி வைக்கும் பேச்சே கிடையாது. கடைசியில் சவாசனம், மயிலிறகால் மூக்கில் வருடினாலும் சிரிக்காமல் கிடப்பவர்தான் மறுநாள் ஓட்டுநர். ஓட்டுநர் ஆசையில் அசையாமல் கிடந்தவர்களில் பாதிப்பேர் உண்மையாகவே தூங்கிவிட, தாய்மார்கள் வந்து தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் மதினி தெருத் தேர்தலில் நின்றிருந்தால் எதிர்ப்பின்றி வென்றிருப்பார்.

சிக்கல் சிம்மாசனத்தில் வந்தது. மண்டியிட்டு, கையை ஊன்றி, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் கர்ஜிக்க வேண்டும் என்று சொன்னதும், அதுவரை அடங்கியிருந்த சிங்கங்களும் சேர்ந்து கர்ஜித்ததில், கீழ்வீட்டுத் தமிழ் ஐயா கையில் வைத்திருந்த காப்பியோடு மேலே ஏறி வந்துவிட்டார். காப்பி ஏறி வரவில்லை, படியெல்லாம் சிந்திவிட்டது. பணி ஓய்வு பெற்றாலும் பிழை திருத்துவதிலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை.

"தாயி, திருமூலர் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம் பாடியிருக்கிறார். அதில் எங்கேயாவது இந்த இரைச்சல் உண்டா?" என்று கேட்டவர், சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "அதோடு, களக்காடு முண்டந்துறையில் புலிதான் உண்டு. 1988-இல் அரசாங்கமே அறிவித்த புலிகள் காப்பகம் அது. சிங்கம் எங்கிருந்து வந்தது?" என்றார்.

மதினியும் லேசுப்பட்டவர் அல்ல. "ஐயா, உலகத்தில் எத்தனை உயிர்கள் உண்டோ அத்தனை ஆசனங்கள் என்று பழைய யோக நூலான கேரண்ட சம்ஹிதை சொல்கிறது. சிவபெருமான் சொன்னது 84 லட்சம். அதில் சிறந்தவை 84. மனிதருக்கு ஆகக்கூடியவை என்று எடுத்தவை 32. அந்த 32-இலேயே சிங்கம், மயில், சேவல், ஆமை, தவளை, முதலை, ஒட்டகம், பாம்பு எல்லாம் இருக்கின்றன. பெரியவர்கள் மிருகக்காட்சிசாலையே நடத்தியிருக்கும்போது, நான் ஒரு சிங்கத்தைக் காரையாற்றுக்குக் கொண்டுபோவதா குற்றம்?" என்றார். ஐயா பதில் சொல்லாமல் இறங்கிப் போய், யாரிடமோ சொல்லி அந்த நூலை வரவழைத்து, ஒரு வாரம் அதிலேயே மூழ்கிவிட்டார். மறுநாளிலிருந்து சிங்கம் புலியானது. இரைச்சலில் ஒரு குறைவும் இல்லை.

பள்ளி திறந்தது. 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 177 நாடுகள் இணைந்து ஆதரித்துக் கொண்டுவந்த யோகா தினம், எங்கள் வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது: வெள்ளை பனியன், வெள்ளைக் கால்சட்டை, நீலநிற விரிப்பு, மூன்றையும் பள்ளி அலுவலகத்திலேயே வாங்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிப்பு பச்சை என்பதால் அதில் யோகம் சித்திக்காது போலிருக்கிறது.

ஒத்திகையில் பிள்ளைகளை உயர வரிசைப்படி நிறுத்தி, விசில் ஊதினால் ஓர் ஆசனம், மறுபடி ஊதினால் அடுத்த ஆசனம் என்று விளையாட்டு ஆசிரியர் நடத்திக்கொண்டிருந்தபோது மார்ஜாரி ஆசனம் வந்தது. சின்னவன், முறைப்படி முதுகை வளைத்து, முறைப்படி "மியாவ்" என்றான். பின்னால் இருந்தவனும் பூனைதானே, அவனும் சொன்னான். அடுத்த விசிலுக்குள் அந்த வரிசை முழுவதும் கத்திவிட்டது. முதல் பூனையை வெளியே இழுத்து வேப்பமரத்தடியில் தனியாக நிற்கச் சொன்னார்கள். அவனோ, மரத்தடியில் வேறெப்படி நிற்பது என்று எண்ணி, ஒற்றைக்காலைத் தூக்கித் தொடையில் வைத்து, கைகளைத் தலைக்குமேல் கூப்பி, ஓர் அசைவில்லாமல் நின்றிருக்கிறான். அன்று அந்த மைதானத்திலேயே பிசகில்லாமல் செய்யப்பட்ட ஒரே ஆசனம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அது கேலி என்று கொள்ளப்பட்டு, டைரியில் சிவப்பு மையில் "ஒழுக்கக் குறைவு" என்று எழுதப்பட்டு வந்திருக்கிறது. பெற்றோர் விளக்கமும் கையெழுத்தும் வேண்டுமாம்.

பிள்ளை அழவில்லை. "யோகா என்றால் சிரிக்கக் கூடாதாம் பெரியம்மா, பெரிய பிள்ளையானால்தான் சிரிக்கலாமா?" என்று மட்டும் மதினியிடம் கேட்டான். மதினி அவனுக்கு இரண்டாவது தோசையை வார்த்துக்கொண்டே இருந்தார், வெகுநேரம்; அது கருகியது.

கருகிய வாசனைக்கோ என்னவோ, தமிழ் ஐயா மேலே வந்தார். டைரியை வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு இருமுறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "விளக்கத்தை நான் சொல்கிறேன், நீ தட்டச்சு செய்" என்றார். அவருடைய வாதம் இதுதான்: கேரண்டர் சொன்ன 32 ஆசனங்களில் பூனை கிடையாது, நாயும் கிடையாது, பட்டியலில் இல்லாத பூனையைப் பள்ளி தன் பொறுப்பில் மைதானத்துக்குள் அனுமதித்திருக்கிறது, உடலை அனுமதித்துவிட்டுக் குரலை மட்டும் எந்தப் பிரமாணத்தின்படி தடுக்கிறது? மாடியில் கர்ஜனையைத் தடுக்க வந்த மனிதரா இவர் என்று நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

நாளைக் காலை எட்டரைக்குள் டைரி போய்ச் சேர வேண்டும். இப்போது இரவு பதினொன்று. நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. ஐயா இன்னும் முன்னுரையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.